என்விரான்மென்டல் சயின்ஸ்ல மாஸ்டர்ஸ்: "எல்லாத்துலயும் கொஞ்சம்" படிச்சா எங்க போய் நிக்கிறது?

கேள்வி: பி.எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு ஒரு மருந்து கம்பெனி குவாலிட்டி கன்ட்ரோல் லேப்ல வேலை பாக்குறேன். என்விரான்மென்டல் சயின்ஸ்ல மாஸ்டர்ஸ் பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை. விசாரிச்சா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "அது எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லித்தர்ற கோர்ஸ், வெளிய வந்தா எதுலயும் நிக்க முடியாது, பேசாம கெமிஸ்ட்ரியே படி"னு என்னோட பழைய டீச்சர் சொல்றாங்க. எனக்கு மேத்ஸ்னா கொஞ்சம் பயம், பயாலஜி ஸ்கூலோட சரி. சேரலாமா, எதைப் பாத்து சேரணும், வேலை உண்டா? விவரமா சொல்லுங்க.

பதில்:

சேரலாம். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா உங்க டீச்சர் சொன்னதை ஒதுக்கித் தள்ளிடாதீங்க, அவங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அந்தப் பாதியைப் புரிஞ்சுக்கிட்டு உள்ள போனா நல்லா வருவீங்க, புரியாம போனா படிப்பு முடியறப்போ அவங்க சொன்னதுதான் நடக்கும்.

எந்தப் பாதி உண்மைனா, இந்த கோர்ஸோட சிலபஸை எந்த யுனிவர்சிட்டில எடுத்துப் பாத்தாலும் காத்து ஒரு பேப்பர், தண்ணி ஒரு பேப்பர், மண் ஒண்ணு, எக்காலஜி ஒண்ணு, க்ளைமேட் ஒண்ணு, கழிவு மேலாண்மை ஒண்ணு, சட்டம் ஒண்ணு, ரிமோட் சென்சிங் ஒண்ணுனு ஒரு பெரிய ஊர்வலமே போகும். ஒவ்வொண்ணும் ஒரு செமஸ்டர். பரீட்சைக்கு மட்டும் படிச்சவன் இதுல எல்லாத்தையும் பத்தி பத்து நிமிஷம் பேசுவான், பதினோராவது நிமிஷம் கைல எதுவும் இருக்காது. இந்த மாதிரி ஆளுங்களை நான் இன்டர்வ்யூல நிறைய பாத்திருக்கேன், புத்திசாலிப் பசங்கதான், யாரும் அவங்ககிட்ட "நீ எதுல நிக்கப் போற"னு கேக்கவே இல்ல, அவ்ளோதான் விஷயம்.

அந்த அகலம் வீண்னு நான் சொல்லல. ஒரு ஆத்து மாசு பிரச்சனைனு போனா அங்க நீரியல் ஆளு, மீன் பத்தி தெரிஞ்ச ஆளு, பொது சுகாதார டாக்டர், வக்கீல், இஞ்சினியர்னு எல்லாரும் இருப்பாங்க, அவங்க பேசுறது உங்களுக்குப் புரியணும், அதுக்குத்தான் அந்த எட்டு பேப்பரும். ஆனா மேஜைல உங்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கணும்னா உங்ககிட்ட ஒரு நம்பர் இருக்கணும். "இந்த அளவை நான் எடுத்தேன், இப்படித்தான் எடுத்தேன், இவ்வளவு தப்பு இருக்க வாய்ப்பு இருக்கு, அதுக்கு மேல இல்ல"னு நின்னு வாதாடுற மாதிரி ஒரு நம்பர். மாஸ்டர்ஸ் லெவல்ல கத்துக்க வேண்டியது அதுதான்னு நான் நினைக்கிறேன். மத்ததெல்லாம் புத்தகத்துலயே இருக்கு.

டிகிரில படிக்கிறதுக்கும் மாஸ்டர்ஸ்ல படிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரே ஒரு டெஸ்ட்டை வச்சு சொல்றேன். பிஓடி. தண்ணில இருக்குற அழுக்கைத் தின்னு தீக்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுதுனு பாக்குற அளவு. டிகிரில "பிஓடி அதிகம்னா மாசு அதிகம்"னு ஒரு வரி எழுதினா மார்க் போட்டுடுவாங்க. லேப்ல உக்காந்து செஞ்சு பாருங்க. சாம்பிளை நீர்த்துப்போக வச்சு, 300 மில்லி பாட்டில்ல காத்துக்குமிழி ஒண்ணு கூட இல்லாம நிரப்பணும். ஒரு பாட்டில்ல அன்னைக்கே ஆக்சிஜனை அளந்துடுவீங்க, இன்னொண்ணு இருட்டுல 20 டிகிரில 5 நாள் இருக்கும். அளக்குறது விங்க்ளர் முறைல, அது 1888ல வந்தது, இன்னைக்கு ப்ரோப் மீட்டர் வந்தாச்சு, இருந்தாலும் மீட்டர் சொல்றது சரியானு பாக்க இன்னும் அதைத்தான் செய்றோம். மாங்கனீஸ் சல்ஃபேட்டும் ஆல்கலி அயோடைடும் விட்டு மூடிப் போட்டுக் கவுத்துக் கவுத்துக் குலுக்கினா பழுப்பா ஒரு வீழ்படிவு இறங்கும், வெள்ளையா இறங்கினா அந்தத் தண்ணில ஆக்சிஜனே இல்லைனு அர்த்தம். அப்புறம் ஆசிட் விட்டா அது கரைஞ்சு மஞ்சளா வரும், தயோசல்ஃபேட் வச்சு டைட்ரேட் பண்ணி, வெளிறினதும் ஸ்டார்ச் போட்டு, அந்த நீலம் போற சொட்டுல நிறுத்தணும். நீங்க கெமிஸ்ட்ரி, உங்களுக்கு இது புதுசு இல்ல.

புதுசு என்னன்னா இதுக்கு அப்புறம் வர்ற கேள்விங்கதான். 20 டிகிரில தண்ணி ஒரு லிட்டருக்கு சுமாரா 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிச்சு வைக்கும். சாக்கடைத் தண்ணியை போதுமான அளவு நீர்க்காம வச்சீங்கன்னா ரெண்டாம் நாளே அந்த 9ம் காலி, அஞ்சாம் நாள் நீங்க அளக்குறது பூஜ்யம், அந்தக் கணக்கை வச்சு வர்ற பிஓடி செல்லாது. அதனாலதான் குறைஞ்சது 2 மில்லிகிராம் இறங்கியிருக்கணும், கடைசில குறைஞ்சது 1 மிச்சம் இருக்கணும்னு விதி. இன்னொண்ணு, இது இன்னும் முக்கியம், ஒரு ஃபேக்டரி கழிவுல குரோமியமோ குளோரினோ இருந்தா பாக்டீரியாவே செத்துப் போகும், செத்த பாக்டீரியா ஆக்சிஜன் எடுக்காது, பிஓடி 8, 10னு அழகா வரும். காகிதத்துல பாத்தா சுத்தமான தண்ணி! பக்கத்துல சிஓடி (பாக்டீரியாவை நம்பாம ரசாயனத்தை வச்சே அழுக்கைக் கணக்கு பண்ற அளவு) 600னு இருந்தா அப்பத்தான் உறைக்கும். இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "இது பொருந்தலையே"னு நெத்தியைச் சுருக்குற பழக்கம் இருக்கே, அதை வரவழைக்கத்தான் மாஸ்டர்ஸ். உங்க லேப்ல ப்ளாங்க் (சாம்பிள் போடாம அதே டெஸ்ட்டைச் செஞ்சு, வெளிய இருந்து என்ன கலக்குதுனு பாக்குறது), டூப்ளிகேட், காலிப்ரேஷன் கர்வ், எஸ்ஓபினு சொல்ற எழுதி வச்ச செய்முறை எல்லாம் தினமும் பாக்குறீங்க இல்ல? க்ளாஸ்ல மத்தவங்க ஒரு வருஷம் கழிச்சு வந்து சேர்ற இடத்துல நீங்க முதல் நாளே நிப்பீங்க. உங்க வேலை அனுபவத்தை அப்ளிகேஷன்ல ஒரு வரில எழுதிட்டு விட்டுடாதீங்க, அதுதான் உங்களோட பலமே.

ப்ளாங்க்னு சொன்னதும் ஞாபகம் வருது, க்ளேர் பேட்டர்சன் பத்தி கேள்விப்பட்டிருக்கீங்களானு தெரியல. அமெரிக்க ஜியோகெமிஸ்ட். 1940கள் கடைசில சிகாகோல ஆராய்ச்சி மாணவரா இருந்தப்போ கல்லுல இருக்குற ஈயத்தை அளந்து வயசு கண்டுபிடிக்கிற வேலை. அளந்தா ஒவ்வொரு தடவையும் இருக்க வேண்டியதை விட எக்கச்சக்கமா ஈயம் வருது. ரீஏஜென்ட், கண்ணாடிப் பாத்திரம், லேப் காத்து, அவரோட சொந்தத் தலைமுடி, எல்லாத்துல இருந்தும் ஈயம் உதிருது! நாமளா இருந்தா மெஷின் சரியில்லைனு எழுதி முடிச்சிருப்போம். அவர் ஒவ்வொரு மூலத்தையும் துரத்தித் துரத்தி அடைச்சு, பின்னாடி கால்டெக்ல ஒரு அதிசுத்தமான லேபையே கட்டிட்டார். பூமியோட வயசு 455 கோடி வருஷம்னு 1956ல அவர் சொன்னது அப்படி வந்ததுதான். அதுக்கப்புறம்தான் நம்ம துறைக்கு முக்கியமான விஷயம், அந்த ஈயம் எங்க இருந்து வருதுனு கேட்டார். கடல்தண்ணி, துருவப் பனினு அளந்துக்கிட்டே போய், ஈயம் கலந்த பெட்ரோல்தான் பெரிய காரணம்னு நின்னார், 1965ல அவர் எழுதின கட்டுரையை அந்த இண்டஸ்ட்ரி ஆளுங்க ரசிக்கல, ஃபண்டிங் கான்ட்ராக்ட் எல்லாம் போச்சு. உலகத்துல கடைசி நாடும் வண்டிகளுக்கு ஈய பெட்ரோலை நிறுத்தினது 2021ல.

கவனிச்சீங்களா, அவர் படிச்சது கெமிஸ்ட்ரி. ஹவாய் மௌனா லோவா மலைல 1958ல கார்பன் டை ஆக்சைடை அளக்க ஆரம்பிச்ச சார்லஸ் கீலிங்கும் கெமிஸ்ட்ரி. ஓசோனை சிஎஃப்சி (ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரேல இருந்த வாயு) அரிக்கும்னு 1974ல ஷெர்வுட் ரோலண்டோட சேர்ந்து சொன்ன மரியோ மோலினாவும் அதே. உங்க டீச்சர் பக்கத்து நியாயம் இதுதான், இவங்க எல்லாம் ஒரு துறைல ஆழமா இறங்கிட்டு அப்புறம் சுற்றுச்சூழல் பக்கம் திரும்பினவங்க. அதனால உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்குனு நேர்மையா சொல்லிடணும்: அனலிட்டிகல் கெமிஸ்ட்ரில மாஸ்டர்ஸ் சேர்ந்து ப்ராஜெக்ட்டை மட்டும் தண்ணிலயோ மண்ணுலயோ காத்துலயோ எடுத்துக்கலாம். லேப்தான் உங்களுக்குப் பிடிக்குது, வெயில்ல மண்ணுல நிக்க இஷ்டம் இல்லைனா அதுவே நல்லது. ஆனா உங்க கடிதத்தைப் படிச்சா லேப்புக்குள்ள ஒரு மாதிரி மூச்சு முட்டுதுனுதான் எனக்குத் தோணுது (தப்பா இருந்தா மன்னிக்கணும்). சாம்பிள் பாட்டில் எங்க இருந்து வந்துச்சுனு பாக்கணும்ங்கிற ஆள் நீங்கன்னா என்விரான்மென்டல் சயின்ஸ்தான் சரி.

மேத்ஸ் பயத்துக்கு வருவோம். கால்குலஸ்ல யாரும் உங்களை வறுத்தெடுக்கப் போறதில்ல, மாடலிங் பக்கம் போனா ஒழிய. உங்களுக்குத் தேவை ரெண்டு. ஒண்ணு மாஸ் பேலன்ஸ், அதாவது ஒரு பொருள் எவ்வளவு உள்ள வருது, எவ்வளவு வெளிய போகுதுங்கிற கணக்கு, அது வெறும் பெருக்கல்தான். ஒரு சாக்கடைல நைட்ரஜன் லிட்டருக்கு 20 மில்லிகிராம், ஓட்டம் செகண்டுக்கு 10 லிட்டர். பக்கத்துல ஒரு ஓடை, அதுல வெறும் 2 மில்லிகிராம், ஆனா ஓட்டம் செகண்டுக்கு 500 லிட்டர். எது ஏரியைக் கெடுக்குதுனு கேட்டா எல்லாரும் சாக்கடையைக் காட்டுவாங்க. பெருக்கிப் பாருங்க, சாக்கடை ஒரு நாளைக்கு 17 கிலோ சொச்சம், ஓடை 86 கிலோ. செறிவு வேற, சுமை வேற. இந்த ஒரு கணக்கு தெரியாம எழுதப்பட்ட ரிப்போர்ட்டுங்க எவ்வளவோ என் மேஜைக்கு வந்திருக்கு, எழுதினவங்க எல்லாம் நல்ல மார்க் வாங்கினவங்க.

ரெண்டாவது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இதுல தப்பிக்க வழியே இல்ல, தப்பிக்கப் பாக்காதீங்க. ஃபார்முலாவை மனப்பாடம் பண்றது இல்ல நான் சொல்றது, அதை சாஃப்ட்வேர் பாத்துக்கும். எதை எதோட ஒப்பிடுறோம்ங்கிற யோசனை. ஒரு ஃபேக்டரிக்கு மேல ஆத்துல ஒரு இடம், கீழ ஒரு இடம், ரெண்டு இடத்துலயும் பத்து பத்து பாட்டில் எடுத்துட்டு வந்து டி-டெஸ்ட் (ரெண்டு சராசரியை ஒப்பிடுற கணக்கு) போட்டு "குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கு"னு எழுதுவாங்க. உங்ககிட்ட இருபது சாம்பிள் இல்லைங்க, ரெண்டு இடம்தான் இருக்கு! எந்த ஆத்துலயும் எந்த ரெண்டு இடத்தை எடுத்தாலும் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், ஃபேக்டரி இருந்தாலும் இல்லைன்னாலும். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட்னு ஒருத்தர் 1984லயே இதுக்கு சூடோரெப்ளிகேஷன்னு பேர் வச்சு, பத்திரிகைல வந்த கட்டுரைங்களையே எடுத்து வச்சுக் கிழிச்சார், இன்னும் திருந்தல. உங்க தீசிஸ்ல இதை மட்டும் சரியா பண்ணிட்டீங்கன்னா வைவால பாதி கேள்வி அடங்கிடும்.

இதுக்கு நேர் எதிரா அழகான டிசைன் எப்படி இருக்கும்னா கனடால ஏரி 226னு ஒண்ணு, அதைப் பாருங்க. 1973ல டேவிட் ஷிண்ட்லர் ஆளுங்க ஒரு முழு ஏரியை நடுவுல ப்ளாஸ்டிக் திரை போட்டு ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், இன்னொரு பக்கம் அது ரெண்டோட பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பாசி பூத்துப் பச்சையா கிடக்கு, இந்தப் பக்கம் தெளிவா இருக்கு. வானத்துல இருந்து எடுத்த அந்த ஒரே போட்டோ, டிடர்ஜென்ட்ல பாஸ்பேட் வேணுமா வேணாமாங்கிற சண்டைல எத்தனையோ பக்க அறிக்கைங்களை விட வேலை செஞ்சுது. ஏரி ஒண்ணுதானே, அப்ப இதுவும் ஹர்ல்பர்ட் சொன்ன கணக்குல வராதானு நீங்க கேட்டா, சபாஷ், அட்மிஷன் கொடுத்துடலாம். வரும்தான். அதனாலதான் அந்தக் குழு ஒரு ஏரியோட நிக்கல, பக்கத்து ஏரிங்கள்லயும் வருஷக்கணக்கா செஞ்சாங்க.

பயாலஜி ஸ்கூலோட நின்னுட்டதை நினைச்சுக் கவலைப்பட வேணாம். எக்காலஜியும் கொஞ்சம் மைக்ரோபயாலஜியும் டாக்ஸிகாலஜியும் முதல் செமஸ்டர்ல உக்காந்து படிச்சா வந்துடும். பயாலஜி க்ளாஸ்மேட்டுக்கு நீங்க டைட்ரேஷன் சொல்லிக் குடுங்க, அவங்க உங்களுக்குப் பூச்சி பேர் சொல்லிக் குடுப்பாங்க, எல்லா பேட்ச்லயும் நடக்குறதுதான்.

சரி, எதைப் பாத்து சேரணும். கோர்ஸ் பேரைப் பாக்காதீங்க. என்விரான்மென்டல் சயின்ஸ், என்விரான்மென்டல் ஸ்டடீஸ், என்விரான்மென்டல் மேனேஜ்மென்ட், சஸ்டெய்னபிலிட்டினு ஆயிரம் பேர் ஓடுது. ஸ்டடீஸ்னு இருந்தா பொதுவா சமூகவியல், பாலிசி பக்கம் சாயும், மேனேஜ்மென்ட்னா ஆடிட், ஐஎஸ்ஓ 14001ங்கிற சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரம், ரிப்போர்ட்டிங், இஞ்சினியரிங்னா சுத்திகரிப்பு நிலைய டிசைன், அதுக்கு பெரும்பாலும் இஞ்சினியரிங் டிகிரி கேப்பாங்க. ஆனா இதுவும் இடத்துக்கு இடம் மாறும், அதனால பேரை விட்டுட்டு சிலபஸை எடுத்து தீசிஸ்க்கு எவ்வளவு க்ரெடிட் ஒதுக்கியிருக்காங்கனு முதல்ல பாருங்க. ஒரு முழு செமஸ்டர் அளவுக்காவது இருக்கணும். கடைசி ஆறு வாரத்துல ஒரு "மினி ப்ராஜெக்ட்", நாலு பேர் சேர்ந்து ஒரு ரிப்போர்ட்னு இருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க, எவ்வளவு பெரிய பேர் இருந்தாலும் சரி. சில நாடுகள்ல ஒரே வருஷத்துல மாஸ்டர்ஸ் முடிச்சிடுறாங்க, அதுல ஒரு சங்கடம் இருக்கு: மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஒரு தடவைனு சாம்பிள் எடுக்கக் கூட நேரம் பத்தாது. லேப் எக்ஸ்பெரிமென்டோ ஏற்கனவே இருக்குற டேட்டாவோ வச்சு தீசிஸ் பண்றதுன்னா ஒரு வருஷம் போதும், ஆறு, ஏரினு போறதா இருந்தா ரெண்டு வருஷக் கோர்ஸ் பாருங்க.

அடுத்தது பழைய தீசிஸ் தலைப்புங்க. டிபார்ட்மென்ட் லைப்ரரில கேட்டா லிஸ்ட் கிடைக்கும். "இந்த ஏரியின் நீர்த்தரம் ஓர் ஆய்வு", "அந்த ஏரியின் நீர்த்தரம் ஓர் ஆய்வு"னு ஏரி பேர் மட்டும் மாறிக்கிட்டே வந்தா அங்க கேள்வி கேக்குறவங்க யாரும் இல்லைனு புரிஞ்சுக்கங்க. தலைப்புலயே ஒரு "ஏன்" இருக்கணும். மெஷின் விஷயத்துல ஒண்ணு சொல்றேன், ஐசிபி-எம்எஸ் (உலோகங்களை நுணுக்கமா அளக்குறது) இருக்கு, ஜிசி-எம்எஸ் (கரிமப் பொருள்களைப் பிரிச்சு அடையாளம் காட்டுறது) இருக்குனு ப்ரோஷர்ல போட்டோ போடுவாங்க. மாஸ்டர்ஸ் ஸ்டூடன்ட் தொட முடியுமா, இல்ல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வர்றதானு இப்ப படிக்கிறவங்ககிட்ட கேளுங்க. கை வைக்க விடுற ஒரு பழைய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், கை வைக்க விடாத புது மெஷினை விட எவ்வளவோ மேல்.

அப்புறம் கைடு. இதுல ரொம்ப நேரம் செலவு பண்ணுங்க. பெரிய பேரா இருக்கணும்னு அவசியம் இல்ல, பெரிய பேரு இருக்குறவங்க வருஷத்துல பாதி நாள் ஊர்ல இருக்க மாட்டாங்க, உங்க டேட்டாவை ஒரு பிஹெச்டி ஸ்காலர்தான் பாப்பார், அவர் நல்லவரா இருந்தா உங்க அதிர்ஷ்டம். அந்த கைடுகிட்ட ஏற்கனவே படிச்சவங்க ரெண்டு பேரைப் பிடிச்சு நேரா ஒரே கேள்வி கேளுங்க: "நீங்க எழுதினதைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நாள் ஆச்சு, கொடுத்தப்போ அதுல என்ன எழுதியிருந்துது?" இந்தப் பதில்ல எல்லாம் தெரிஞ்சிடும். "நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்ல மாட்டார்"னு வந்தா அது பாராட்டு இல்லைங்க. பக்கம் பக்கமா சிவப்பு மையா இருந்துச்சுன்னு சலிச்சுக்கிட்டே சொன்னா கண்ணை மூடிக்கிட்டு சேருங்க. இன்னொண்ணும் விசாரிச்சுக்கோங்க, பேப்பர் வந்தா ஸ்டூடன்ட் பேரு எங்க வருது, வருதா. அப்புறம் ஃபீல்டு ஒர்க் போறப்போ தனியா அனுப்புறாங்களா, ரெண்டு பேரா அனுப்புறாங்களா. தண்ணிக்குள்ள இறங்குற வேலைக்கு தனி ஆளா அனுப்புற டிபார்ட்மென்டை நான் நம்ப மாட்டேன்.

சாஃப்ட்வேர் பத்தி சுருக்கமா. டேட்டாவை அலச ஆர் இல்லைன்னா பைதான், ஏதாவது ஒண்ணு. மேப்புக்கு க்யூஜிஐஎஸ். எல்லாமே இலவசம். லேண்ட்சாட் சாட்டிலைட் படங்கள் 1972ல இருந்து இருக்கு, 2008ல இருந்து காசு குடுக்காம யார் வேணா எடுக்கலாம், ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் படங்கள் பத்து மீட்டர் துல்லியத்துல கிடைக்குது. அதனால "வசதி இல்லை"ங்கிற சாக்கு இந்தப் பகுதிக்கு மட்டும் செல்லாது. ஒரே ஒரு எச்சரிக்கை, கம்ப்யூட்டர் தானா தள்ளிவிடுற டேட்டாவை ஒரு கண்ணு பாருங்க. 1985ல அண்டார்டிகா ஓசோன் இவ்வளவு குறைஞ்சிருக்குனு சொன்னது அங்க ஹேலி பேங்கிற பிரிட்டிஷ் ஆராய்ச்சி நிலையத்துல தரைல நின்ன, ஓசோனை அளக்குற ஒரு பழைய டாப்சன் கருவியை வச்சு வருஷக்கணக்கா அளந்துக்கிட்டே இருந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூணு பேர். மேல சுத்திக்கிட்டு இருந்த சாட்டிலைட்டும் அதைப் பாத்துதான் இருந்துச்சு, ஆனா அவ்வளவு குறைஞ்ச அளவு வந்தா சந்தேகத்துக்குரியதுனு ப்ரோக்ராம் ஒதுக்கி வச்சிருந்தது. நீங்களும் எக்ஸெல்ல அவுட்லையரை (மத்ததோட ஒட்டாம தனியா நிக்கிற அளவை) அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த சாம்பிள் எடுத்த அன்னைக்கு நோட்டுல என்ன எழுதியிருக்கீங்கனு ஒரு தடவை புரட்டிப் பாருங்க. நோட்டே எழுதலைனா அழிக்கவும் உரிமை இல்ல, வச்சுக்கவும் உரிமை இல்ல.

வேலை. உண்டு, ஆனா "என்விரான்மென்டல் சயின்டிஸ்ட் தேவை"னு போர்டு போட்டுக் கூப்பிடுறது கம்மி. டெஸ்டிங் லேப், கன்சல்டன்சி, கம்பெனிங்களோட சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவு, அரசு கட்டுப்பாட்டு அமைப்புங்க, தண்ணி சப்ளை, ஆராய்ச்சி நிறுவனம், தொண்டு நிறுவனம், இப்ப கார்பன் கணக்கு எழுதுற வேலையும் சேர்ந்திருக்கு. ஆரம்ப சம்பளம் ஐடி மாதிரி இருக்காது, வீட்ல முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. உங்களுக்கு லேப் அனுபவம் இருக்குறதால ஐஎஸ்ஓ 17025ங்கிற டெஸ்டிங் லேப் தரத்துல நடக்குற லேப்ங்கள்ல கதவு சுலபமா திறக்கும், அங்க உக்காந்துட்டா அப்புறம் கன்சல்டன்சிக்கு மாறுறது கஷ்டம் இல்ல.

கன்சல்டன்சி பத்தி மட்டும் கொஞ்சம் வெளிப்படையா பேசணும், ஏன்னா சின்ன வயசுல காட்டுக்குள்ள வேலைனு நினைச்சு வர்றவங்க அதிகம். ஒரு திட்டம் வர்றதுக்கு முன்னாடி அதோட பாதிப்பை ஆராயுற சட்ட நடைமுறை 1970ல அமெரிக்கால தேசிய சட்டமா வந்து, அப்புறம் உலகம் முழுக்கப் பரவிடுச்சு, நம்ம துறைல பாதிப் பேருக்குச் சோறு போடுறது இதுதான். ஃபீல்டுல கொஞ்ச நாள், மிச்சம் எல்லாம் டேபிள், மேப், அப்பெண்டிக்ஸ், க்ளையன்ட் போன். அந்த க்ளையன்ட்தான் உங்களுக்குக் காசு கொடுக்குறார், அவருக்குத் திட்டம் நடக்கணும், நீங்க எழுதுற ரிப்போர்ட் அந்தத் திட்டத்தை எடை போடணும். இந்த ஏற்பாட்டுலயே ஒரு கோணல் இருக்குனு எல்லாருக்கும் தெரியும். "இந்த ஒரு வேல்யூவை மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்"னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. பண்ணுங்க, தப்பில்ல, ஆனா ரெண்டு ரிசல்ட்டையும் ரிப்போர்ட்ல போடுங்க. பழசைத் தூக்கிட்டுப் புதுசை மட்டும் போடச் சொன்னா அதுதான் நீங்க எழுந்து நிக்க வேண்டிய இடம். முதல் வேலையா கன்சல்டன்சியைத் தேர்ந்தெடுத்தீங்கன்னா உங்க மேல இருக்குற சீனியர் இந்த மாதிரி சமயத்துல என்ன பண்ணுவார்னு சேர்ந்த மூணு மாசத்துல தெரிஞ்சிடும், தெரிஞ்சதும் தங்குறதா போறதானு முடிவு பண்ணிக்கங்க.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். "உலகத்தைக் காப்பாத்தப் போறேன்"னு வர்றவங்க ரெண்டாம் வருஷம் சோர்ந்து போறாங்க, ஏன்னா தினசரி வேலை பாட்டில் கழுவுறதும் லேபிள் ஒட்டுறதும்தான். கீலிங் ஆரம்பிச்சப்போ கார்பன் டை ஆக்சைடு 315 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்குனு அர்த்தம்) வாக்குல இருந்துச்சு, 2013 மே மாசம் முதல் தடவையா ஒரு நாள் சராசரி 400ஐ எட்டுச்சு. நடுவுல 1964ல காசு இல்லாம சில மாசம் அளக்கவே முடியல, கிராஃப்ல அந்த ஓட்டை இன்னும் இருக்கு. இந்த மாதிரி சலிப்பான வேலையைச் சலிக்காம செய்ய முடியுமானு உங்களையே கேட்டுக்கங்க. மருந்து கம்பெனில தினமும் அதே அஸ்ஸே (மருந்துப் பொருள் எவ்வளவு இருக்குனு பாக்குற டெஸ்ட்) போட்டுக்கிட்டு இருக்கீங்க, உங்களுக்கே பதில் தெரியும்.

இப்ப உடனே என்ன பண்ணலாம்னா, வேலையை விடாதீங்க. அட்மிஷன் வர்ற வரைக்கும் சாயங்காலத்துல ஆர் கத்துக்கோங்க, ஏதாவது ஒரு பொது டேட்டாவை, காத்து தரமோ மழை அளவோ, ஒரு வருஷத்துக்கு எடுத்து கிராஃப் போட்டு, அதுல வித்தியாசமா தெரியுற ஒரு விஷயத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க. கைடா வரணும்னு நினைக்கிறவங்களுக்கு மெயில் போடுறப்போ "மதிப்பிற்குரிய ஐயா, சிறு வயது முதலே இயற்கை மீது ஆர்வம்"னு ஆரம்பிக்காதீங்க, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. நாலு வரி போதும்: என்ன வேலை பாக்குறேன், என்னென்ன கருவி கை வைக்கத் தெரியும், உங்களோட இந்தக் கட்டுரைல இந்த இடம் புரியல, இதோட நான் எழுதின ஒரு பக்கம். பத்து பேருக்கு அனுப்பினா மூணு பேர் பதில் போடுவாங்க, அது போதும். பிஹெச்டி போகலாமாங்கிற யோசனையை இப்ப எடுக்காதீங்க, தீசிஸ் டேட்டா கைல வந்து அதோட ரெண்டு மாசம் மல்லுக்கட்டினதுக்கு அப்புறம் எழுதுங்க, அப்ப பேசலாம்.